எம்.எஸ்சி. இயற்பியலில் எந்தப் பிரிவு எடுப்பது? அதற்கு என்பிடெல் எவ்வளவு தூரம் உதவும்?

எம்.எஸ்சி. முதலாண்டு முடிகிற சமயத்தில் ஜூனியர்களிடமிருந்து எனக்கு வருகிற செய்திகள் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். "அக்கா, எலெக்டிவ்ல நியூக்ளியர் எடுக்கவா, கிரிஸ்டல் குரோத் எடுக்கவா? எதுக்கு ஸ்கோப் இருக்கு?" இந்த ஸ்கோப் கேள்விக்கு உறுதியான பதில் யாரிடமும் கிடையாது. இரண்டு வருடம் கழித்து எந்த ஆய்வகத்தில் இடம் காலியாகும் என்று இன்றைக்கு யார் சொல்ல முடியும்? ஆனால் "இது எனக்கு ஒத்துவருமா" என்று கேட்டால் அதற்கு விடை தேட ஒரு வழி இருக்கிறது, அதுவும் செலவில்லாமல். அந்த வழி என்பிடெல், ஐஐடி பேராசிரியர்களின் பாடங்களை இணையத்தில் கேட்கும் தளம். நான் என் பிரிவைத் தேர்ந்தெடுத்ததில் பாதிப் பங்கு இதற்கு உண்டு, மீதிப் பாதி எங்கிருந்து வந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன். இப்போது மெல்லிய படலங்களில் ஆராய்ச்சி செய்கிறேன், இன்றும் ஏதாவது ஒரு சூத்திரம் எங்கிருந்து வந்தது என்று மறந்துபோனால் முதலில் திறப்பது இதைத்தான். பொதுவாக என்பிடெல் எப்படி என்று எழுதப் போவதில்லை. ஸ்பெஷலைசேஷன் தேர்வு என்ற ஒரே வேலைக்கு அது எங்கே கைகொடுக்கும், எங்கே கைவிடும் என்று மட்டும் பார்க்கிறேன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து 2003இல் தொடங்கியது என்பிடெல். முதலில் வகுப்பறை விரிவுரைகளைப் படம் பிடித்துப் போட்டார்கள், 2014இலிருந்து வாராவாரம் அசைன்மென்ட், கடைசியில் தேர்வு, சான்றிதழ் என்று முழுப் பாடமாகவும் நடத்துகிறார்கள். இப்போது மத்திய அரசின் இணையப் படிப்புத் தளமான சுயம் வழியாகப் பதிவு செய்ய வேண்டும். ஜனவரியில் ஒரு சுற்று, ஜூலையில் ஒரு சுற்று. நான்கு வாரம், எட்டு வாரம், பன்னிரண்டு வாரம் என்று பாடங்கள் இருக்கும், இயற்பியல் பாடங்களில் நிறைய பன்னிரண்டு வாரம்தான். பதிவு இலவசம், வீடியோ இலவசம், அசைன்மென்ட் இலவசம். சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் ஒரு பாடத்துக்கு ஆயிரம் ரூபாய் அளவில் கட்டி நேரில் போய்த் தேர்வு எழுத வேண்டும். மதிப்பெண்ணில் 25 சதவீதம் அசைன்மென்ட், 75 சதவீதம் தேர்வு. பழைய விரிவுரைகள் எல்லாம் யூடியூபில் அப்படியே கிடக்கின்றன, அவற்றைப் பார்க்கப் பதிவுகூட வேண்டாம்.

சரி, நல்லதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

ஐஐடி மெட்ராஸில் பாடம் நடத்திய வி. பாலகிருஷ்ணனின் விரிவுரைகளுக்காகவே என்பிடெல்லுக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். கிளாசிக்கல் பிசிக்ஸ், குவாண்டம் பிசிக்ஸ், சமநிலையற்ற புள்ளியியல் இயந்திரவியல், கணித இயற்பியல் என்று வரிசையாக இருக்கின்றன. ஸ்லைடு கிடையாது. கரும்பலகை, சாக்பீஸ், எதிரே மாணவர்கள், அவ்வளவுதான். ஒரு விஷயத்தை எடுத்தால் அதன் பெயரைக்கூட உடனே சொல்ல மாட்டார், முதலில் சிக்கல் என்ன என்று காட்டுவார், நாமே அந்தக் கருத்து இல்லாமல் நகர முடியாது என்று உணர்கிற இடத்தில்தான் அது பலகைக்கு வரும். சிறிய கல்லூரியில் நோட்ஸை எழுதிப்போட்டுத் தேர்வுக்குத் தயார் செய்கிற முறைக்குப் பழகிய ஒருவர் இதைப் பார்த்தால், இயற்பியல் இப்படியும் நடத்தப்படுகிறதா என்று உட்கார்ந்துவிடுவார். எஸ். லட்சுமி பாலாவின் குவாண்டம் இயந்திரவியல், பி.சி. தேஷ்முக்கின் அணு இயற்பியல், ஜி. ரங்கராஜனின் கன்டென்ஸ்டு மேட்டர் (திடநிலை இயற்பியல் இதில்தான் வரும்), ஐஐடி கான்பூர் ஹெச்.சி. வர்மாவின் அணுக்கரு இயற்பியல், ஐஐடி டெல்லி வி.கே. திரிபாதியின் பிளாஸ்மா இயற்பியல், இவையெல்லாம் எலெக்டிவ் பட்டியலில் பெயராக மட்டும் தெரிகிற பிரிவுகளுக்கு ஒரு முகம் கொடுக்கின்றன. பிளாஸ்மா, அதாவது அயனிகளாகப் பிரிந்த வாயு, என்றொரு பிரிவு இருப்பதே பல துறைகளில் மாணவர்கள் காதில் விழுவதில்லை. அதை ஒரு செமஸ்டர் முழுக்க வீட்டில் உட்கார்ந்து கேட்கலாம் என்பது சின்ன விஷயமில்லை.

நான் படித்த துறையில் எலெக்டிவ் பட்டியலில் நாலைந்து பாடங்கள் அச்சில் இருந்தன, நடந்தது ஒன்றுதான், ஏனென்றால் அதை எடுக்க ஒரே ஆசிரியர்தான் இருந்தார். விருப்பப் படிவம் நிரப்பச் சொன்னார்கள், எல்லோரும் நிரப்பினோம், எல்லோருக்கும் அதே பாடம் வந்தது. இது எங்கள் துறையின் கதை மட்டும் இல்லை என்று அப்புறம் பலரிடம் பேசியபோது தெரிந்தது. இந்த நிலையில் இருப்பவர்களுக்கு என்பிடெல் பெரிய திறப்பு. பட்டத்தில் ஐந்தில் இரண்டு பங்கு வரை சுயம் வழியாகப் படிக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2021இல் விதி போட்டிருக்கிறது. உங்கள் கல்லூரி அதை ஏற்கிறதா, எந்தப் பாடத்துக்கு எத்தனை கிரெடிட் தருகிறது என்று துறைத் தலைவரிடம் செமஸ்டர் தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். நடுவில் கேட்டால் "அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றுதான் பதில் வரும்.

இப்போது முக்கியமான விஷயம். எப்படிப் பயன்படுத்துவது.

பெரும்பாலானவர்கள் செய்வது: ஒவ்வொரு பிரிவிலும் முதல் விரிவுரையை மட்டும் பார்ப்பது. அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். முதல் விரிவுரை எந்தப் பாடத்திலும் அழகாகத்தான் இருக்கும். அண்டம் எவ்வளவு பெரியது, அணுக்கரு எவ்வளவு சிறியது, மீக்கடத்தி மேல் காந்தம் மிதப்பது, எல்லாம் முதல் நாளில் வந்துவிடும். நேராக ஐந்தாவது, ஆறாவது வாரத்துக்குப் போங்கள். அந்தப் பிரிவில் ஆராய்ச்சி செய்கிறவர்கள் தினமும் எதோடு மல்லுக்கட்டுகிறார்கள் என்பது அங்கேதான் தெரியும். அங்கே உள்ள கணக்கை, வீடியோவை நிறுத்திவிட்டு, பேனாவும் தாளும் வைத்து நீங்களே போட்டுப் பாருங்கள். விடை வருகிறதா என்பது இரண்டாம்பட்சம். வரவில்லை என்றால் எரிச்சல் வருகிறதா, இல்லை இரவு படுத்த பிறகும் அது தலைக்குள் ஓடுகிறதா, அதைக் கவனியுங்கள்.

ஒவ்வொரு பிரிவிலும் இப்படி உரசிப் பார்க்க ஒரு கணக்கு உண்டு. நான் ஜூனியர்களுக்குச் சொல்வதை இங்கேயும் சொல்கிறேன்.

அணுக்கரு இயற்பியல் என்றால் டியூட்ரான், கன ஹைட்ரஜனின் அணுக்கரு. ஒரு புரோட்டான், ஒரு நியூட்ரான், இரண்டும் 2.2 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இதை ஒரு எளிய கோள வடிவப் பள்ளமாக எடுத்துக்கொண்டு, ஆரம் இரண்டு ஃபெர்மி (அணுக்கருவை அளக்கும் அலகு) அளவு என்று வைத்து, பள்ளம் எவ்வளவு ஆழம் இருக்க வேண்டும் என்று போட்டால் 35 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் பக்கம் வரும். அவ்வளவு ஆழமான பள்ளத்தில் விளிம்புக்குச் சற்றுக் கீழே, வெளியே போய்விடுமோ என்கிற நிலையில் அது தொங்கிக்கொண்டிருக்கிறது, கிளர்வுற்ற கட்டுநிலை ஒன்றுகூடக் கிடையாது. ஒரு பக்கக் கணக்கு, குவாண்டம் முதல் பேப்பர் படித்த யாராலும் போட முடியும். இந்த விடையைப் பார்த்து "அப்படியானால் இரண்டு நியூட்ரான் ஏன் ஒட்டவில்லை?" என்று உங்களுக்கே அடுத்த கேள்வி வந்தால் அணுக்கரு உங்களுக்கு ஒத்துவரும். ஹெச்.சி. வர்மாவின் பாடம் இதற்கு நல்ல துணை, அவர் ஒவ்வொரு எண்ணையும் எங்கிருந்து வருகிறது என்று சொல்லாமல் நகர மாட்டார்.

திடநிலை என்றால் தலைகீழ் அணிக்கோவை, அதாவது ரெசிப்ரோகல் லாட்டிஸ். படிகத்தில் அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் புள்ளிவலைதான் அணிக்கோவை, அதை அலைகளின் கணக்கில் திருப்பி எழுதினால் தலைகீழ் அணிக்கோவை. பெயரைக் கேட்டாலே பாதிப் பேர் ஓடுவது இங்கேதான். ஒரு கிராஃப் தாளில் அறுகோண அணிக்கோவை ஒன்றை வரைந்து, அதன் தலைகீழ் அணிக்கோவையை வரைந்து, நடுப்புள்ளியிலிருந்து பக்கத்துப் புள்ளிகளுக்குக் கோடு போட்டு, ஒவ்வொரு கோட்டையும் நடுவில் செங்குத்தாக வெட்டிக்கொண்டே வாருங்கள். நடுவில் ஓர் அறுகோணம் மூடிக்கொண்டு நிற்கும். அதுதான் முதல் பிரில்லுவான் மண்டலம். சிலிக்கான் ஏன் 1.1 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் இடைவெளியோடு குறைகடத்தியாக இருக்கிறது, அதே அமைப்பில் உள்ள வைரம் ஏன் 5.5 எலக்ட்ரான் வோல்ட்டில் காப்பானாக இருக்கிறது என்ற கதையெல்லாம் இந்த மண்டலத்துக்குள்தான் நடக்கிறது. ரூலரும் பென்சிலும் வைத்து இந்தப் படம் போட உங்களுக்குப் பொறுமை இருந்தால், படம் முடிந்ததும் ஒரு திருப்தி வந்தால், ரங்கராஜனின் விரிவுரைகளை முழுதாகப் பாருங்கள். நான் இதில்தான் மாட்டிக்கொண்டேன், சந்தோஷமாக.

துகள் இயற்பியல், புலக் கோட்பாடு பக்கம் ஆசை இருப்பவர்கள் நிறைய. அந்த ஆசையை மதிக்கிறேன். ஆனால் அங்கே அன்றாட வேலை என்பது மியூ, நியூ குறியீடுகளைப் பக்கம் பக்கமாக மேலும் கீழும் நகர்த்துவது. காமா அணிகளின் டிரேஸ் ஒன்றை நாலு பக்கத்துக்குப் போட்டு, மூன்றாம் பக்கத்தில் ஒரு மைனஸ் குறி தொலைந்து, திரும்ப முதலிலிருந்து போடுவது. இதைச் சலிக்காமல் செய்கிறவர்களை எனக்குத் தெரியும், அவர்களுக்கு அதில் ஓர் இசை கேட்கிறது. ஐஐடி மெட்ராஸ் சுரேஷ் கோவிந்தராஜனின் கிளாசிக்கல் ஃபீல்ட் தியரி பாடத்தில் சில வாரங்கள் உட்கார்ந்து பார்த்தால் உங்களுக்குக் கேட்கிறதா என்று தெரிந்துவிடும்.

மின்னணுவியல் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். வேலை கிடைக்கும் என்று அதை எடுப்பவர்கள், தங்கள் பாடத்திட்டத்தில் இன்னும் 1976இல் வந்த 8085 மைக்ரோபிராசசர்தான் இருக்கிறதா என்று முதலில் புரட்டிப் பாருங்கள். இருந்தால், அதே நேரத்தை ஐஐடி டெல்லி எம்.ஆர். ஷெனாயின் குறைகடத்தி ஒளிமின்னணுவியல் பாடத்தில் போடுவது எவ்வளவோ மேல்.

வானியற்பியல் கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: பைத்தான் எழுத வருமா? இன்றைக்கு அந்தத் துறையில் வருகிறவர்கள் தொலைநோக்கியில் கண் வைப்பதைவிடத் தரவு வைத்திருக்கும் கோப்புகளோடு கழிக்கிற நேரம்தான் அதிகம். அது பிடிக்குமென்றால் தாராளமாகப் போகலாம், தமிழ்நாட்டிலேயே காவலூரில் 2.3 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது, கொடைக்கானலில் 1899இல் தொடங்கிய, சூரியனைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆய்வகம் இருக்கிறது.

இதுவரை பாராட்டு. இப்போது குறை, அதுவும் பெரிய குறை.

என்பிடெல்லை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் கோட்பாட்டுப் பக்கமே சாய்கிறார்கள். காரணம் எளிது. பலகையில் எழுதிக் காட்டக்கூடிய இயற்பியல் வீடியோவில் முழுதாக வந்துவிடும், கையால் செய்கிற இயற்பியல் வராது. பாலகிருஷ்ணன் ஒரு மணி நேரம் பேசினால் அந்த ஒரு மணி நேரமும் கோட்பாட்டு இயற்பியலின் அசல் அனுபவம். ஆனால் படிக வளர்ப்பு பற்றி ஒருவர் ஒரு மணி நேரம் பேசினால், அது படிக வளர்ப்பைப் பற்றிய பேச்சு மட்டும்தான். நல்ல ஆசிரியரின் குரல் பிடித்துப்போய் அந்தப் பாடமே பிடித்ததாக நினைத்துக்கொள்ளும் ஆபத்தும் இதோடு சேர்ந்து இருக்கிறது. எம்.எஸ்சி. முடித்துவிட்டு ஸ்ட்ரிங் தியரி தவிர வேறு எதுவும் வேண்டாம் என்று காத்திருக்கும் பையன்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது, ஏனென்றால் அவர்களில் சிலருக்குக் கை வேலையில் அபார நிதானம் உண்டு, அதைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பே அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

படிக வளர்ப்பு என்றதும் சலிப்பாக முகம் சுளிப்பவர்களுக்காக அது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். கேடிபி (பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட்) உப்பை இருமுறை வடித்த நீரில் கரைத்து, மேக்னடிக் ஸ்டிரரில் மணிக்கணக்கில் சுழலவிட்டு, வாட்மேன் தாளில் வடிகட்டி, பீக்கரின் வாயைப் பாலிதீன் தாளால் ரப்பர் பேண்ட் போட்டு மூடி, அதில் ஊசியால் சில துளைகள் போடுவோம். துளை அதிகமானால் தண்ணீர் வேகமாக ஆவியாகி அடியில் சர்க்கரை போலப் பொடிப்படிகங்கள் கொட்டிவிடும், குறைந்தால் வாரக்கணக்கில் ஒன்றும் நடக்காது. தூசி படாத, யாரும் இடித்துவிடாத மூலையில் வைக்க வேண்டும். ஒருநாள் காலையில் பார்த்தால் அடியில் கண்ணாடித் துண்டு மாதிரி ஒன்று இரண்டு கிடக்கும். அவற்றில் விரிசல் இல்லாத ஒன்றைப் பொறுக்கி, நைலான் நூலில் கட்டி, புதுக் கரைசலில் தொங்கவிட்டு, பிறகு வெப்பநிலை மாறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இரவில் கரண்ட் போனால் பயந்துகொண்டே ஆய்வகத்துக்கு ஓடிவருவார்கள். இந்தக் காத்திருப்பு பிடித்தவர்கள் இருக்கிறார்கள், பிடிக்காதவர்கள் இருக்கிறார்கள், எந்த வீடியோவும் நீங்கள் யார் என்று சொல்லாது.

என் பக்கத்து வேலையும் அப்படித்தான். படலம் எடுக்கும் அறையிலிருந்து காற்றை வெளியேற்ற ரோட்டரி பம்பைப் போட்டு, அது இரைந்துகொண்டே இருக்க, அப்புறம் டிஃப்யூஷன் பம்ப் சூடாகக் காத்திருந்து, அறைக்குள் அழுத்தம் மெல்ல மெல்ல இறங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். காற்று புகாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓரிங்கில் ஒரு முடி ஒட்டியிருந்தால் போதும், அழுத்தம் ஒரு இடத்தில் நின்றுவிடும், அன்றைய நாள் போயிற்று. படலம் எடுத்த பிறகு எக்ஸ்ரே மானியில் வைத்தால், எதிர்பார்த்த கோணத்தில் ஒரு கூர்மையான முகடு எழும். உதாரணமாக சிலிக்கான் என்றால், தாமிரக் குழாயின் 1.54 ஆங்ஸ்ட்ராம் கதிருக்கு 28.4 பாகைக்குப் பக்கத்தில். அந்த முகடு திரையில் எழுகிற நேரத்தில் கிடைப்பதை நான் எந்த விரிவுரையிலும் அடையவில்லை. நான் தேர்ந்தெடுத்ததில் மீதிப் பாதி இங்கிருந்துதான் வந்தது, முதலாண்டில் ஓர் ஆராய்ச்சி மாணவிக்கு உதவியாக சாம்பிள் கழுவப் போன இடத்தில்.

இன்னொரு கோணமும் இருக்கிறது. தமிழ்நாட்டில் எந்த இயற்பியல் ஆழமாக நடக்கிறது என்று என்பிடெல் சொல்லாது. அண்ணா பல்கலைக்கழகத்தில் படிக வளர்ப்புக்கென்றே தனி மையம் இருக்கிறது. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் எம். லட்சுமணன் வளர்த்தெடுத்த நேரியலற்ற இயங்கியல் மையம் உலகம் முழுக்கத் தெரிந்த பெயர். ஜி.என். ராமச்சந்திரன், தோலிலும் எலும்பிலும் இருக்கும் கொலாஜன் புரதத்தின் மூவிழை அமைப்பை 1950களில் கண்டுபிடித்தது சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்துதான், படிகவியலும் உயிரி இயற்பியலும் அங்கே இன்றும் தனித் துறை. கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம், தரமணியில் கணித அறிவியல் நிறுவனம் (தொடங்கியது 1962இல்), காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வகம், திருநெல்வேலிப் பக்கம் கிருஷ்ணாபுரத்தில் புவிகாந்த ஆய்வகம். துகள் இயற்பியல் என்றால் ஜெனீவாவின் செர்ன் ஆய்வகம் மட்டும்தான் என்று நினைப்பவர்கள் ஊட்டியில் இருக்கும் கிரேப்ஸ் 3 என்ற காஸ்மிக் கதிர் ஆய்வகத்தைப் பற்றிப் படியுங்கள். காஸ்மிக் கதிரிலிருந்து வரும் மியூவான் என்ற துகள்களை எண்ணிக்கொண்டிருந்தவர்கள், 2014 டிசம்பரில் ஓர் இடிமேகம் மேலே கடந்தபோது மியூவான் எண்ணிக்கை குறைந்ததை வைத்து, அந்த மேகத்துக்குள் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்ததாகக் கணக்கிட்டார்கள், 2019இல் அது வெளியானது. நீலகிரியில் உட்கார்ந்து செய்த வேலை அது. உங்கள் பிரிவில் பக்கத்திலேயே ஒரு நல்ல குழு இருந்தால் பிராஜெக்டுக்குப் பஸ் ஏறிப் போகலாம், சந்தேகம் கேட்கலாம், கருவியைத் தொட்டுப் பார்க்கலாம். பிரிவைத் தேர்ந்தெடுக்கும்போது பாடத்தின் பெயருக்குக் கொடுக்கிற கவனத்தில் சரிபாதியாவது இதற்குக் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அசைன்மென்ட் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் நாலு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வகை, சிலவற்றில் எண்ணை நிரப்ப வேண்டும். எட்டில் சிறந்த ஆறு, பன்னிரண்டில் சிறந்த எட்டு என்று எடுத்துக்கொள்வார்கள். கேள்வி வந்த சில நாளில் விடைகள் டெலிகிராமில் சுற்ற ஆரம்பித்துவிடும். பிரிவைத் தேர்வு செய்யத்தான் படிக்கிறீர்கள் என்றால் அந்தக் குழுக்களின் பக்கமே போகாதீர்கள், அங்கே கிடைக்கிற மதிப்பெண் உங்களைப் பற்றி எதையும் சொல்லாது. நீளமான நிரூபணத்தை எழுதித் திருத்திவாங்கும் வசதி இதில் இல்லை, அது இன்னொரு குறை. அதற்கு உங்கள் கல்லூரியிலேயே பொறுமையான ஓர் ஆசிரியரைப் பிடித்து, வாரம் ஒரு கணக்கைக் காட்டித் திருத்தித்தரக் கேளுங்கள். கேட்டால் செய்வார்கள். ஆர்வமாக ஒரு மாணவர் வருவது அவர்களுக்கும் சந்தோஷம்தான்.

மொழி. தமிழ் வழியில் பள்ளி படித்து வந்தவர்களுக்கு முதல் சில வாரங்கள் கஷ்டமாக இருக்கும், குறிப்பாக வட இந்திய உச்சரிப்புக்குப் பழக நேரம் எடுக்கும். வேகத்தை முக்கால் ஆக்கிக்கொள்ளுங்கள், ஆங்கில சப்டைட்டிலைப் போட்டுக்கொள்ளுங்கள், விரிவுரையின் எழுத்துவடிவம் பிடிஎஃப்பாகக் கிடைக்கிற பாடங்களில் அதை முதலில் ஒருமுறை வாசித்துவிட்டு வீடியோவுக்கு வாருங்கள். சில பாடங்களுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் இருக்கிறது. சமன்பாடு எல்லா மொழியிலும் ஒன்றுதான் என்பதால் இயற்பியலில் இந்தத் தடை நினைப்பதைவிடச் சீக்கிரம் கரைந்துவிடும்.

நெட் (ஆராய்ச்சி உதவித்தொகை, கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வு), டிஆர்பி (ஆசிரியர் தேர்வு வாரியத்தின் தேர்வு) எழுதப்போகிறவர்கள் ஸ்பெஷலைசேஷனை வைத்து ரொம்பக் குழம்ப வேண்டாம். சிஎஸ்ஐஆர் நெட் இயற்பியல் தாள் எல்லோருக்கும் ஒன்றுதான். 200 மதிப்பெண்ணில் பொதுத் திறன் 30, பி பகுதி 70, சி பகுதி 100. சி பகுதியில் கேள்விக்கு ஐந்து மதிப்பெண், முப்பதில் இருபது எழுதினால் போதும். திடநிலை, அணுக்கரு, அணு மூலக்கூறு, மின்னணுவியல் எல்லாம் கலந்து வரும், ஆனால் கணித முறைகள், கிளாசிக்கல், குவாண்டம், மின்காந்தவியல், புள்ளியியல் இயந்திரவியல் ஆகிய ஐந்தும் வலுவாக இருந்தால் பாதி மலை ஏறியாயிற்று. டிஆர்பி நடத்தும் முதுநிலை ஆசிரியர் தேர்விலும் 150 கேள்வியில் 110 இயற்பியல் பாடம், அதுவும் முழுப் பாடத்திட்டத்திலிருந்து. ஆகவே தேர்வுக்காக இந்தப் பிரிவு, அந்தப் பிரிவு என்று யாராவது பயமுறுத்தினால் கேட்க வேண்டாம். அந்த ஐந்து அடிப்படைப் பாடங்களுக்கு என்பிடெல்லில் இருப்பதை மட்டும் முதலாண்டிலேயே பிடித்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் என்பிடெல் காட்டாத பாதியை எப்படிப் பார்ப்பது? இந்தியாவின் மூன்று அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து கோடைகால ஆராய்ச்சி உதவித்தொகை கொடுக்கின்றன. கோடையில் இரண்டு மாதம் நாட்டின் எந்த மூலையிலாவது ஒரு விஞ்ஞானியின் ஆய்வகத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கலாம், செலவுக்குப் பணமும் தருவார்கள். விண்ணப்பம் முந்தைய குளிர்காலத்திலேயே முடிந்துவிடும் என்பதால் முதலாண்டு முதல் செமஸ்டரிலேயே கண் வைத்திருக்க வேண்டும், பலர் ஏப்ரலில் விசாரிக்கிறார்கள், அப்போது ஒன்றும் செய்ய முடியாது. கல்பாக்கத்திலும் இயற்பியல், வேதியியல் மாணவர்களுக்குக் கோடைப் பயிற்சி நடக்கிறது. இவை எதுவும் கிடைக்கவில்லை என்றாலும் பரவாயில்லை, உங்கள் துறையிலோ பக்கத்துப் பல்கலைக்கழகத்திலோ பிஎச்.டி. செய்யும் ஒருவரிடம் போய், ஒரு சனிக்கிழமை முழுக்கக் கூட இருந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். அவர் என்ன செய்கிறார் என்பதைவிட, செய்யும்போது எதற்காகக் காத்திருக்கிறார் என்று பாருங்கள். கணினியில் ரன் முடியவா, பம்ப் இறங்கவா, கரைசல் ஆவியாகவா, கைடு மெயில் அனுப்பவா. அந்தக் காத்திருப்போடு நான்கைந்து வருடம் இருக்க முடியுமா என்று யோசித்துவிட்டு, அதே பிரிவின் ஆறாவது வார விரிவுரைக்குத் திரும்பப் போங்கள். இரண்டும் சரி என்று பட்டால் படிவத்தில் அந்தப் பெயரை எழுதுங்கள்.

மதிப்பெண் கேட்பவர்களுக்கு: கோட்பாட்டுப் பிரிவுகளை முன்கூட்டிச் சுவைத்துப் பார்க்க ஐந்துக்கு ஐந்து, அடிப்படைப் பாடங்களைப் பலப்படுத்தவும் அதே ஐந்து, சோதனைப் பிரிவுகளுக்கு இரண்டுக்கு மேல் தர மாட்டேன்.

பணம் விஷயம் கடைசியாக. பிரிவைத் தேர்வு செய்யப் பார்ப்பவர்கள் தேர்வுக் கட்டணம் கட்ட வேண்டிய அவசியமே இல்லை, பதிவு செய்துவிட்டு அசைன்மென்ட் மட்டும் போட்டால் போதும், தேர்வுப் பதிவு தனியாகப் பின்னால்தான் வரும், அதற்குள் சில வாரங்கள் ஓடியிருக்கும். பாடம் பிடித்திருந்தால் அப்போது முடிவெடுங்கள். கல்லூரி கிரெடிட் தருகிறது என்று எழுத்தில் இருந்தால் கட்டுங்கள். சான்றிதழுக்கு அசைன்மென்டில் 25க்குப் பத்து, தேர்வில் 75க்கு முப்பது வேண்டும், மொத்தம் 90 தாண்டினால் தங்க முத்திரை கிடைக்கும். பிஎச்.டி. நேர்காணலில் யாரும் அந்த முத்திரையைப் பார்த்து இடம் கொடுத்து நான் கண்டதில்லை, ஆனால் அந்தப் பாடத்தில் ஒரு கணக்கைப் பலகையில் போடச் சொல்வார்கள், அதைப் போட்டுக் காட்டியவர்களுக்கு இடம் கிடைத்ததைப் பார்த்திருக்கிறேன். ஜூலைச் சுற்றுக்கான பாடப் பட்டியலை முன்கூட்டியே வெளியிட்டுவிடுவார்கள், விடுமுறையில் இருப்பவர்கள் இப்போதே பழைய விரிவுரைகளில் ஆறாவது வாரத்தைத் தேடிப் பார்க்க ஆரம்பிக்கலாம்.